டைரியும் பென்சிலும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. தாமதத்துக்கு அக்காதான் காரணம், அதைப் பிறகு சொல்கிறேன். முழங்கால் வலி குறைந்ததா?

மகன் தனிக்குடித்தனம் போனதைப் பற்றி, "எங்கள் குடும்பம் உடைந்துவிட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அடுத்த பக்கத்திலேயே, போன மாதம் நீ மருத்துவமனையில் கிடந்த நான்கு இரவும் அவன்தான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கினான் என்றும் எழுதியிருக்கிறாய். அப்புறம் எதுதான்டா உடைந்தது? ஒரு வீடு இரண்டாகியிருக்கிறது, அவ்வளவுதானே.

சமூகவியல்காரர்கள் இதைப் பிரித்துத்தான் பேசுவார்கள். ஒரே கூரைக்குக் கீழே இருப்பவர்கள் ஒரு கணக்கு, ஒன்று என்றால் ஓடி வருபவர்கள் வேறு கணக்கு. தொழில்மயமான சமூகத்துக்குக் கணவன், மனைவி, பிள்ளைகள் மட்டுமான சிறு குடும்பம்தான் பொருந்தும் என்று 1950-களில் டால்கட் பார்சன்ஸ் சொன்னார். வேலை கிடைத்த இடத்துக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போக அதுதானே தோது. 1960-இல் யூஜின் லிட்வாக் இதற்கு மறுப்பு எழுதினார்: தூரம் போனவர்களும் உறவை விட்டுவிடுவதில்லை, உதவி இரண்டு பக்கமும் போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருக்கிறது என்று. உன் மகன் லிட்வாக் கட்சி.

"அந்தக் காலத்தில் எல்லோரும் ஒன்றாக இருந்தோம்" என்று நீ ஆரம்பிப்பாய், தெரியும். பீட்டர் லாஸ்லெட் என்ற வரலாற்றாசிரியர், இங்கிலாந்தில் 1574 முதல் 1821 வரையிலான 100 ஊர்களின் குடிக்கணக்கை எடுத்து எண்ணிப் பார்த்தார். வீட்டுக்குச் சராசரி 4.75 பேர், அதுவும் வேலையாட்களையும் சேர்த்து! அங்கே கல்யாணம் தாமதம், பேரன் முகம் பார்க்கும் முன்பே பலர் போய்ச் சேர்ந்தார்கள். எல்லா நாட்டிலும் இதே கதை என்று சொல்ல வரவில்லை. ஆனால் நாம் ஏங்குகிற பழைய வீட்டுக்கு, நினைவில் நாமே இரண்டு அறை சேர்த்துக் கட்டிவிடுகிறோமோ என்று ஒரு சந்தேகம். இன்று ஆயுசு நீண்டு, பிள்ளைகள் குறைந்து, குடும்பம் ஒல்லியாக உயர்ந்து நிற்கிறது. இன்றைய குழந்தைக்குக் கொள்ளுப்பாட்டி இருக்கிறாள், சித்தப்பாதான் இல்லை.

சரி, அக்கா கதைக்கு வருகிறேன். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஐந்து மாதம் படுக்கை. முதல் மாதம் எல்லோரும் வந்து பார்த்தார்கள். அப்புறம் ஒரு விசித்திரம்: யாருக்கும் யாரைப் பற்றியும் ஒன்றும் தெரியவில்லை. பெரியப்பா பேத்திக்குக் குழந்தை பிறந்தது எனக்கு நாற்பது நாள் கழித்துத்தான் தெரிந்தது. அப்போதுதான் அக்காவின் பழைய டைரியைப் பார்த்தேன். பிறந்தநாள், கல்யாண நாள், யாருக்குச் சர்க்கரை, யாருடைய பெண்ணுக்குப் பரீட்சை எல்லாம் பேனாவில். யாரோடு யார் பேசுவதில்லை என்பது மட்டும் பென்சிலில். "அழிக்க வேண்டி வருமில்ல?" என்றாள்.

மைக்கேலா டி லியோனார்டோ என்ற மானிடவியலாளர் 1987-இலேயே இதைத்தான் எழுதினார். போன் பேசுவது, வாழ்த்து அனுப்புவது, நல்ல நாளில் எல்லோரையும் கூட்டுவது எல்லாமே வேலைதான், அதைப் பெரும்பாலும் பெண்களே செய்கிறார்கள், யாரும் அதை வேலை என்று எண்ணுவதில்லை என்று. இரண்டே ஆண்டில் ஆர்லி ஹாக்சைல்ட் என்ற சமூகவியலாளர் இன்னொன்றைக் காட்டினார்: சம்பள வேலை முடிந்து வீட்டுக்கு வரும் பெண்ணுக்கு அங்கே இரண்டாவது ஷிஃப்ட் காத்திருக்கிறது. அக்கா இரண்டையும் முப்பது வருடம் பார்த்தாள். நாங்கள் தம்பிமார் எல்லாம் 'பாசமான குடும்பம்' என்று பெயர் வாங்கிக்கொண்டோம்.

குடும்பம் என்பது ஒரு பொருளல்ல, அன்றாடம் செய்கிற காரியம் என்று 1996-இல் டேவிட் மார்கன் என்ற சமூகவியலாளர் எழுதியதைப் பெரிதாகச் சொல்வார்கள். நாம்தான் எப்போதுமே 'குடும்பம் நடத்துவது' என்கிறோமே! யார் நடத்துகிறார்கள் என்பதைத்தான் கேட்காமல் விட்டோம்.

டைரி இப்போது என்னிடம். முதலில் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். என் குரல் கேட்டதும் அவர் கேட்டது: "யாருப்பா போயிட்டாங்க?" அரை மணி நேரம் தடுமாறினேன். நான்காவது வாரம் அவரே கூப்பிட்டார்.

உன் வீட்டு டைரி தங்கச்சியிடம்தான் இருக்கும். குடும்பம் உடைந்ததா என்று அவளைக் கேட்டாயா? மருமகளோடு தினமும் பேசிக்கொண்டிருப்பாள், உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள்.

அக்கா உன் பெயருக்கு நேரேயும் ஒரு தேதி எழுதியிருக்கிறாள். அடுத்த செவ்வாய். காலையில் போன் அடித்தால் பயப்படாமல் எடு, யாரும் போய்விடவில்லை.

உன்
பழைய அறைத்தோழன்