கூடாரவல்லிக்கு ஓட்ஸ் அக்காரவடிசல்

எடின்பரோ,
ஜனவரி 11

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? இன்று கூடாரவல்லி. நீ விடியலிலேயே உருளியை அடுப்பில் ஏற்றியிருப்பாய். இங்கே இப்போது எட்டரை மணி தாண்டித்தான் விடிகிறது, சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் சூரியன் போய்விடுகிறது. அந்த இருட்டில் எழுந்து நானும் அக்காரவடிசல் செய்தேன் அம்மா. ஆனால் அரிசியில் இல்லை, ஓட்ஸில்.

முகம் சுளிக்காதே, முழுதாகப் படி. நீ நினைக்கும் அந்தத் தட்டையான, இரண்டு நிமிடத்தில் கூழாகிவிடும் ஓட்ஸ் இல்லை இது. இங்கே பின்ஹெட் என்று ஒன்று கிடைக்கிறது, முழு ஓட்ஸ் மணியை இரண்டு மூன்றாக வெட்டியது, பார்க்க நம் அரிசி நொய் மாதிரியே இருக்கும். அதைத் தண்ணீரும் உப்பும் போட்டுக் கிண்டுவதுதான் இந்த ஊர்க்காரர்களின் பாரிட்ஜ். பக்கத்து வீட்டுப் பாட்டி போன மாதம் என்னை அழைத்துச் செய்து காட்டினார். கரண்டி கிடையாது, ஸ்பர்டில் என்று மத்துக்காம்பு போல ஒரு கட்டை, அதை வலது கையால் வலஞ்சுழியாகத்தான் சுற்ற வேண்டுமாம். பிரதட்சிணம் மாதிரி! எனக்கு உடனே உன் ஞாபகம்தான் வந்தது.

சரி, செய்முறைக்கு வருகிறேன். அரை கப் பின்ஹெட்டை ஒரு ஸ்பூன் நெய்யில் வாசனை வரும்வரை வறுத்து, இரண்டு கப் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி ராத்திரியே மூடி வைத்துவிட்டேன். ஊறாமல் போட்டால் வேக அரை மணிக்கு மேல் ஆகும், ஊறியிருந்தால் காலையில் கால் மணி நேரம் போதும். இரண்டு மேசைக்கரண்டி பாசிப்பருப்பைச் சிவக்க வறுத்துத் தனியாகக் குழைய வேகவைத்தேன். அப்புறம் இரண்டையும் சேர்த்து, ஒரு கப் பாலை ஊற்றி, சின்னத் தீயில் கிண்டிக்கொண்டே இருந்தேன். ஓட்ஸுக்கே ஒரு வழவழப்பு உண்டு, அதனால் பால் சுண்டுமுன்பே அக்காரவடிசலின் பதம் வந்துவிடுகிறது. நீ கிண்டுகிற நேரத்தில் பாதிகூட ஆகவில்லை.

முதல் தடவை, கிறிஸ்துமஸ் விடுமுறையில் செய்தபோது, கொதிக்கிற பாலிலேயே வெல்லத்தைப் போட்டுவிட்டேன், அப்படியே திரிந்துபோய்விட்டது. அழுகையே வந்தது. அன்றைக்கு ஃபோனில் நீ சொன்னபடிதான் இன்று செய்தேன்: அரை கப் வெல்லத்தைத் தனியாகக் கரைத்து, மண் போக வடிகட்டி, பாகு ஆறட்டும் என்று விட்டு, அடுப்பை அணைத்தபிறகு கலந்தேன். ஒரு துளி திரியவில்லை. பச்சைக் கற்பூரம் நீ கொடுத்தனுப்பிய டப்பாவிலிருந்து கடுகளவு, இரண்டு ஏலக்காய், முந்திரி. நெய்யும் வீட்டில் காய்ச்சியதுதான். கடையில் 250 கிராம் கட்டியாக உப்பில்லாத வெண்ணெய் வாங்கிக் காய்ச்சுகிறேன். முருங்கை இலைக்குத்தான் வழியில்லை.

இந்த ஊர் வழக்கம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன், இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பழைய நாளில் இவர்கள் பாரிட்ஜின் மேல் பாலை ஊற்ற மாட்டார்களாம். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த க்ரீமை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாய்க்கும் சூடான பாரிட்ஜை அதில் தொட்டுத் தொட்டுச் சாப்பிடுவார்களாம். அக்காரவடிசலை அப்படிச் சாப்பிட்டுப் பார்த்தேன். வெல்லச் சூடும் க்ரீமின் குளிர்ச்சியும் நாக்கில் சேரும்போது தித்திப்பு திகட்டவே இல்லை. பாட்டிக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கற்பூர வாசனைக்குக் கொஞ்சம் தயங்கினார், பிறகு வழித்துச் சாப்பிட்டார். இங்கே வடக்கே கார்பிரிட்ஜ் என்ற ஊரில் 1994-இல் தொடங்கிய பாரிட்ஜ் உலகப் போட்டி ஒன்று இருக்கிறதாம். ஒரு பிரிவில் ஓட்ஸ், தண்ணீர், உப்பு தவிர எதுவும் கூடாது, இன்னொன்றில் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம். "இதை அங்கே கொண்டுபோ" என்றார். நிஜமாகவே யோசிக்கிறேன் அம்மா.

வந்த புதிதில், இங்கே நம் ஊர்ச் சாப்பாடு மாதிரி எதுவுமே வராது என்று உன்னிடம் புலம்பிக்கொண்டே இருந்தேன் அல்லவா? இன்று செய்தது நம் வீட்டு அக்காரவடிசல் மாதிரி இல்லை. அரிசியின் குழைவு இதில் கிடையாது, மென்றால் மணி மணியாக அகப்படுகிறது, வறுத்த கடலை போல ஒரு வாசம். ஆனாலும் இன்று எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

அடுத்த மாதம் ஊருக்கு வரும் தோழியிடம் அரைக் கிலோ பின்ஹெட் கொடுத்தனுப்புகிறேன். நீ ஒருமுறை செய்து பார். பருப்பு இன்னும் ஒரு கரண்டி கூட்டலாமா என்று எனக்குச் சந்தேகம், உன் கைக்குத்தான் தெரியும். அப்பாவிடம் ஓட்ஸ் என்று சொல்லாமல் முதலில் ஒரு கிண்ணம் கொடு, என்ன சொன்னார் என்று அப்படியே எனக்கு எழுது.

உன் அன்பு மகள்