உகரத்தை வெட்டு, பழனிச்சாமி

காங்கேயம்

அன்புள்ள பழனிச்சாமிக்கு,

கடிதம் கிடைத்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்று படித்ததில் மனசு நிறைந்தது. உன் வகுப்புப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் ‘இன்னும் விசித்திரம்’ என்பதற்கு ‘வியர்டர்’ (weirder) என்று எழுதாமல் ‘மோர் வியர்டர்’ என்று எழுதுவதை எத்தனை திருத்தினாலும் நிற்கவில்லை என்கிறாய். அதன் வேர் நம் நாக்கில் இருக்கிறது.

வியர்ட் (weird) ஆங்கிலத்தில் ஓரசைச் சொல், ‘அர்’ ஒட்டினால் போதும், ‘மோர்’ நீளச் சொல்லுக்குத்தான். வல்லின மெய்யில் நிறுத்த நமக்கு வராது, உகரம் சேர்த்து ‘வியர்டு’ ஆக்குகிறோம். பிள்ளை கைதட்டி எண்ணினால் மூன்று தட்டு வருகிறது. நீளச் சொல் என்று ‘மோர்’ போடுகிறது, பழக்கத்தில் ‘அர்’ரும் ஒட்டிவிடுகிறது. முதலில் உகரத்தை வெட்டு. ஒரே தட்டில் சொல்லப் பழக்கினால் வியர்டர், வியர்டெஸ்ட் தன்னால் வரும். அதே பொருளில் வரும் ‘ஆட்’ (odd) என்ற சொல்லும் அப்படித்தான், ‘ஆடு’ என்று சொல்ல விடாதே. ஸ்ட்ரேஞ்சில் (strange) கடைசி எழுத்தே ஈ என்பதால் ஆர் மட்டும் சேர்த்தால் போதும். பிசார் (bizarre), பெக்யூலியர் (peculiar) இரண்டுக்கும் மோர், மோஸ்ட்தான். வெறும் ‘மோர் வியர்ட்’ பேச்சில் வருவதுண்டு, அதற்கு மார்க்கை வெட்டாதே.

‘ஸ்ட்ரேஞ்ச் தேன் தட்’ (strange than that) என்று எழுதுவது வேறு கதை. ‘அதைய விட இது விசித்திரம்’ என்னும்போது ‘விட’தான் பாரம் சுமக்கிறது, விசித்திரம் அசைவதில்லை. ஆங்கிலத்தில் ‘தேன்’ வந்தால் முன்னால் இருக்கும் சொல்லும் மாறியாக வேண்டும். ‘ஆஸ்… ஆஸ்’ (as… as) நடுவில் மட்டும் மாறக் கூடாது.

பயிற்சிக்குச் சிவன்மலை முருகன் கோயில் உத்தரவுப் பெட்டியை எடுத்துக்கொள். பக்தர் கனவில் வந்த பொருளை, பூக்கேட்டு உத்தரவு வந்த பிறகு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். மண், தண்ணீர், துப்பாக்கி எல்லாம் இருந்திருக்கின்றன. மண்ணையும் தண்ணீரையும் ஒப்பிட்டால் ஸ்ட்ரேஞ்சர். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ‘த’ போட்டு ஸ்ட்ரேஞ்சஸ்ட். ‘அ ஸ்ட்ரேஞ்சர்’ என்று முன்னால் ‘அ’ வந்து தனியே நின்றால் முன்பின் தெரியாத ஆள் என்று பொருளாகிவிடும், அதையும் சொல்லிவிடு.

அந்தப் பெட்டிக்கு வியர்ட் போட வேண்டாம். பழைய ஆங்கிலத்தில் அது விதியைக் குறித்த சொல், பொருத்தமாகத்தான் தோன்றும். இன்றைக்கோ அதில் முகச்சுளிப்பு ஒட்டியிருக்கிறது, சாமி காரியத்துக்கு ஆகாது. வியர்ட் என்று எழுதும்போது ஈ முன்னால், ஐ பின்னால்.

பெட்டியில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்த்து அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன், பாடத்துக்கு ஆகும்.

அன்புடன்,
சுப்பிரமணி