மாட்டுக்கொட்டிலில் பிறந்த பாட்டு

அன்புள்ள அருளப்பன்,

நீ எழுதி இரண்டு வாரம் ஆகிவிட்டது, பதில் போடாமல் இருந்ததற்குத் திட்டாதே. பேத்திக்கு ஜுரம், அப்புறம் எனக்கு, அப்புறம் மருமகனுக்கு என்று வீடே சுற்றில் படுத்து எழுந்தது. இங்கிலாந்தின் இந்த டர்ஹமில் மே மாதத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் பால் வாங்கப் போகிறேன். உன் முழங்கால் இப்போது எப்படி? படி ஏறாதே என்று உனக்குச் சொல்ல எனக்குத் தகுதியில்லை, போன மாதம் விட்பி என்ற கடலோர ஊரில் 199 படி ஏறினேன். அங்கிருந்து அனுப்பிய சிலுவைப் படத்தைப் பார்த்துவிட்டு "இது யார் கல்லறை?" என்று கேட்டிருந்தாய். கல்லறை இல்லை. ஒரு மாட்டுக்காரனுக்கு 1898இல் வைத்த நினைவுச் சின்னம். அவன் பெயர் கேட்மன். பி.ஏ. இரண்டாம் வருஷத்தில் "இங்கிலீஷின் முதல் கவிஞர் கேட்மன், 7ஆம் நூற்றாண்டு" என்று ஒரே வரியில் எழுதி நாம் இரண்டு மார்க் வாங்கினோமே, அதே ஆள்.

படிகளின் உச்சியில் தேவாலயம், அதைத் தாண்டி இடிந்த மடம், கீழே கடல். 657இல் ஹில்டா என்ற ராஜகுடும்பத்துப் பெண் அங்கே மடத்தை நிறுவினார். ஆண்களும் பெண்களும் இருந்த மடம், தலைமை அவர்தான். அங்கே மாடு பார்த்துக்கொண்டிருந்தவன் கேட்மன், அதுவும் வயதான காலத்தில். விருந்துகளில் யாழ் மாதிரி ஒரு வாத்தியம் கைக்குக் கை வரும், வாங்கியவர் பாட வேண்டும். அது தன் பக்கம் வருவதைப் பார்த்ததும் இவன் எழுந்து நழுவிவிடுவான். (கல்லூரி விழாக்களில் நீ செய்ததுதான்.) ஒரு நாள் அப்படி நழுவிப் போய்க் கொட்டிலில் படுத்திருக்கிறான், கனவில் ஒருவர் வந்து "கேட்மன், எனக்கு ஏதாவது பாடு" என்கிறார். "பாடத் தெரியாமல்தானே இங்கே வந்து படுத்திருக்கிறேன்." "இருந்தாலும் நீ எனக்குப் பாட வேண்டும்." "எதைப் பாட?" "படைப்பின் தொடக்கத்தைப் பாடு." பாடிவிட்டான். காலையில் எழுந்த பிறகும் பாட்டு மறக்கவில்லை.

இதையெல்லாம் எழுதிவைத்தவர் ஜாரோ மடத்துத் துறவி பீட், 731இல் முடித்த தன் திருச்சபை வரலாற்றில். அவர் கல்லறை இங்கே டர்ஹம் பேராலயத்துக்குள்தான் இருக்கிறது, வாக்கிங் போகிற சாக்கில் அடிக்கடி எட்டிப் பார்க்கிறேன். அவர் சொல்லும் ஒரு விஷயம் என்னை விடவே இல்லை. படிக்கத் தெரியாத கேட்மனுக்கு மடத்துப் படிப்பாளிகள் வேதத்திலிருந்து ஒரு பகுதியைச் சொல்வார்களாம், அவன் அதை மாடு அசைபோடுவதுபோல மனசுக்குள் அசைபோட்டுப் பாட்டாகத் திருப்பித் தருவானாம். லத்தீனில் எழுதிய பீடுக்குத் தமிழ் தெரியாது, நமக்குத் தெரியும். மாடு போடுவதும் அசை, செய்யுளில் இருப்பதும் அசை!

அந்த முதல் பாட்டு மொத்தம் ஒன்பதே வரி. பீட் அதன் கருத்தை மட்டும் லத்தீனில் தந்துவிட்டு, பாட்டைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் அழகும் கம்பீரமும் போய்விடும் என்கிறார். அவர் நூலைப் படியெடுத்தவர்களுக்கு மனசு கேட்கவில்லை போல, இங்கிலீஷ் மூலத்தைத் தாளின் ஓரத்திலும் அடியிலும் எழுதிவைத்தார்கள். அதனால்தான் இன்று அது நம் கையில் இருக்கிறது. அந்தக் காலத்து இங்கிலீஷ் பாட்டில் வரிகளின் கடைசிச் சொற்கள் ஒன்றுக்கொன்று ஒத்து ஒலிக்காது. வரியை இரண்டு பாதியாக வெட்டி இரண்டையும் மோனையால் கட்டுவார்கள், நம் காதுக்கு ரொம்பப் பழக்கமான ஏற்பாடு. கேட்மன் ஒன்பது வரிக்குள் எட்டு இடத்தில் கடவுளைப் பெயர் சொல்லி அழைக்கிறான்: வானரசின் காவலன், மனித குலத்தின் காவலன், மகிமையின் தந்தை, என்றுமுள்ள ஆண்டவன், இப்படி. வானத்தைக் கடவுள் மனிதருக்குக் கூரையாகப் போட்டார் என்கிறான். 'ஆண்டவன்' என்ற இடத்தில் அவன் வைத்த சொல் 'ட்ரிஹ்டன்'. அது முதலில் போர்ப்படைத் தலைவனைக் குறித்த சொல், தன் வீரர்களுக்குச் சோறும் பொன்னும் கொடுத்து வைத்திருப்பவன். இன்னொரு பெயர் 'மெட்டோட்', அளப்பவன். அதில் விதி என்ற பழைய வாசனையும் உண்டு. ஆக, பாட்டில் வரும் கடவுள் புதியவர், பெயர்களெல்லாம் ஊரில் ஏற்கெனவே புழங்கியவை.

நம் நோட்ஸில் விட்டுப்போனது இதுதான். அதில் இருந்தது இவ்வளவுதான்: "597இல் கிறிஸ்தவத்தைப் பரப்ப போப் கிரகோரி அனுப்பிய அகஸ்டின் இங்கிலாந்தின் கென்ட்டில் வந்து இறங்கினார், அதனால் லத்தீன் சொற்கள் வந்தன: பிஷப், ப்ரீஸ்ட், மங்க், கேண்டில்." பட்டியலை ஒப்பித்தோம், பாஸானோம். ஆனால் கடன் வாங்கியது கொஞ்சம், வீட்டிலேயே இருந்ததைத் துடைத்து எடுத்துப் புழங்கியது நிறைய. நல்ல செய்தி என்று லத்தீன் வழியாக வந்த கிரேக்கச் சொல்லை அப்படியே பெயர்த்து 'கோட்ஸ்பெல்' என்றார்கள், இன்றைய 'காஸ்பல்' அதுதான். 'ப்ளெஸ்' என்ற சொல்லுக்குள் ரத்தம் இருக்கிறது, ரத்தத்தால் குறியிட்டுப் புனிதமாக்குவது என்பது அதன் பழைய பொருள். இயேசுவுக்கு 'ஹேலண்ட்', குணப்படுத்துபவர். திரித்துவத்துக்கு 'மூன்றாயிருத்தல்' என்று சொந்தமாக ஒரு சொல்லைக் கட்டினார்கள். இப்படிக் கட்டியவற்றில் பலதும் 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் கொண்டுவந்த பிரெஞ்சுச் சொற்களுக்கு இடம்விட்டு ஒதுங்கிவிட்டன, அது எனக்கு வருத்தம்தான்.

601இல் கிரகோரி எழுதிய கடிதம் ஒன்றை பீட் நகலெடுத்து வைத்திருக்கிறார். அந்த ஊர் மக்களின் பழைய கோவில்களை இடிக்காதீர்கள், உள்ளே இருக்கும் சிலைகளை மட்டும் அகற்றிவிட்டுத் தீர்த்தம் தெளித்து அங்கேயே வழிபடுங்கள் என்கிறார். அதையே சொற்களுக்கும் செய்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது, சில இடத்தில் சிலையை எடுக்கக்கூட மறந்துவிட்டார்கள். ஈஸ்டர் என்ற பெயர் ஏயோஸ்ட்ரே என்ற பெண் தெய்வத்தின் மாதத்திலிருந்து வந்தது என்று பீடே சொல்கிறார். நம்மூர் நாள்காட்டி வரைக்கும் அந்த அம்மா வந்து சேர்ந்திருக்கிறாள்!

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்துப்போனது வேறொரு பாட்டு, எழுதியவர் பெயர் தெரியாது. சிலுவையே கனவில் வந்து பேசுகிறது. நான் காட்டோரம் நின்ற மரம், வெட்டி எடுத்து வந்தார்கள், என்கிறது. அப்போது ஒருவர் வருகிறார், சோர்ந்து தள்ளாடிக்கொண்டு இல்லை, இளம் வீரனாக, உடையைக் களைந்துவிட்டுத் தானே ஏறுகிறார். மரத்துக்கு நடுக்கம். அது நினைத்தால் சாய்ந்து விழுந்து சுற்றி நிற்கும் பகைவர் அத்தனை பேரையும் நசுக்கியிருக்கலாம். ஆனால் தலைவன் சொல்லை மீற முடியாது, நிமிர்ந்து நிற்க வேண்டும். அருளப்பா, செஞ்சோற்றுக் கடன் என்றால் தலைவனுக்காக உயிரைக் கொடுப்பது என்றுதானே நமக்குத் தெரியும், அவர்களுக்கும் அப்படித்தான். இங்கே தலைவன் கேட்பதோ, தன்னைக் கொல்லும் கருவியாக நில் என்பது. அந்த மக்களுக்குச் சிலுவைச் சாவின் வலி என்னவென்று இதைவிட நன்றாக எந்தப் பிரசங்கமும் சொல்லியிருக்காது. முழுப் பாட்டும் கிடைத்தது இத்தாலியில் வெர்செல்லி ஊர்ப் பேராலயத்தில் இருந்த ஒரு சுவடியில், அதன் சில வரிகள் ஸ்காட்லாந்தில் ருத்வெல் என்ற ஊரில் ஒரு பெரிய கற்சிலுவையில் பழைய ரூன் எழுத்துகளில் வெட்டப்பட்டிருக்கின்றன. 1640களில் அந்தக் கல்லைச் சிலை வழிபாடு என்று சொல்லி உடைத்துப் போட்டவர்களும் கிறிஸ்தவர்கள்தான். பிறகு ஒட்டிவைத்து இப்போது தேவாலயத்துக்குள் நிற்கிறதாம், போக வேண்டும்.

பழைய வீரப் பாட்டுகள் மடங்களில் எல்லாருக்கும் பிடித்திருந்தது என்று நினைக்காதே. 797இல் அல்குவின் என்ற அறிஞர், சாப்பாட்டு நேரத்தில் வேதத்தை வாசியுங்கள், இங்கெல்டுக்கும் கிறிஸ்துவுக்கும் என்ன சம்பந்தம் என்று சிடுசிடுத்து எழுதினார். இங்கெல்ட் பழைய கதையில் வரும் ஒரு வீரன். அவன் பெயர் பேவுல்ஃப் என்ற பழைய இங்கிலீஷ் வீரகாவியத்திலும் வருகிறது, அதையும் தோலில் எழுதிக் காப்பாற்றியது கிறிஸ்தவர் கைதான். எழுதிய கையின் ரேகை அதில் தெரிகிறது: கிரெண்டல் என்ற அரக்கன் பைபிளில் தம்பியைக் கொன்ற காயீனின் வம்சமாகிவிடுகிறான், ஆனால் 3182 வரியில் கிறிஸ்து என்ற பெயர் ஒரு இடத்திலும் இல்லை.

சரி, உனக்கு ஒரு வேலை. உங்கள் பாட்டி ஞாயிற்றுக்கிழமை "கோவிலுக்குப் பூசைக்குப் போறேன்" என்று கிளம்பும்போது, எங்கள் வீட்டிலும் அதே வார்த்தைதானே என்று சின்ன வயதில் எனக்குக் குழப்பமாக இருக்கும். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து செபம் சொல்லும்போது அவர் கடவுளை என்னென்ன பெயரால் கூப்பிடுவார்? எனக்கு 'சர்வேசுரா' மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. உனக்கு நினைவிருப்பதை எழுது, அக்காவிடமும் கேள். ஆகஸ்டில் ஊருக்கு வருகிறேன், அதுவரை மாடிப்படி பக்கம் போகாதே.

அன்புடன்,
கணபதி