கையெழுத்துக்கு முந்தைய நிமிடங்கள்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். பணி ஓய்வு பெற்ற பிறகும் பாதுகாப்புக் கொள்கை ஆவணங்களைத் தேடிப் படித்து வருகிறீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். நானும் வாரம் ஒரு நாள் கொள்கை வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். "செயற்கை நுண்ணறிவு எவ்வளவு வளர்ந்தாலும் கடைசி முடிவு மனிதரிடமே இருக்கும் என்று வல்லரசுகளே சொல்லிவிட்டனவே, பிறகு என்ன அச்சம்?" என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்வி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

சென்ற மாதம் வகுப்பில் ஒரு பயிற்சி வைத்தேன். வானிலிருந்து எடுத்த நாற்பது படங்களைத் திரையில் காட்டி, ஒவ்வொன்றின் கீழும் 'ராணுவ வாகனம், 91 விழுக்காடு உறுதி' என்பதைப் போன்ற ஒரு குறிப்பை நானே எழுதியிருந்தேன். அவற்றில் பல வேண்டுமென்றே தவறாக எழுதப்பட்டவை. 'ஆம்' அல்லது 'இல்லை' என்று சொல்ல ஐந்து நொடி கொடுத்தேன். முதல் சில படங்களை மாணவர்கள் முன்னால் சாய்ந்து உற்றுப் பார்த்தார்கள். பத்தைத் தாண்டியதும் அவர்களுடைய கண்கள் படத்தை விட்டுவிட்டு எண்ணுக்குப் போய்விட்டன. ஒரு பேருந்தைக்கூட 'ஆம்' என்று கடந்து போனார்கள். முடிவெடுத்தது மனிதர்கள்தான், சந்தேகமில்லை.

1983 செப்டம்பர் 26 நள்ளிரவுக்குப் பின் மாஸ்கோவுக்குத் தெற்கே ஒரு கண்காணிப்பு நிலையத்தில் சோவியத் ராணுவ அதிகாரி ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் இருந்த நிலையை எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து ஓர் ஏவுகணை, பிறகு மேலும் நான்கு கிளம்பிவிட்டதாகக் கணினி அறிவித்தது. அதன் நம்பகத்தன்மை உச்ச அளவில் இருப்பதாகவும் அதே கணினி சொன்னது. ஐந்தே ஏவுகணைகளை வைத்து யாரும் அணுப் போரைத் தொடங்கமாட்டார்கள், தரையிலுள்ள ரேடாரிலும் எதுவும் தெரியவில்லை என்று யோசித்த அவர், அது தவறான எச்சரிக்கை என்றே மேலிடத்துக்குத் தெரிவித்தார். உயர்ந்த மேகங்களில் பட்ட சூரிய ஒளி செயற்கைக்கோளை ஏமாற்றியிருந்தது. அவரிடம் இருந்தவை சில நிமிடங்களும், கணினியைச் சாராத இன்னொரு சாட்சியும். இன்றைய கொள்கைகள் இந்த இரண்டையும் காப்பாற்றுகின்றனவா என்பதே என் கேள்வி.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2012இல் வெளியிட்டு 2023இல் திருத்திய 3000.09 எண் ஆணை, ஆயுதப் பயன்பாட்டில் 'ஏற்ற அளவு' மனித மதிப்பீடு வேண்டும் என்கிறது. ஏற்ற அளவு என்றால் ஐந்து நொடியா, ஐந்து நிமிடமா? 2024 நவம்பரில் பெரு நாட்டின் லிமாவில் சந்தித்த அப்போதைய அமெரிக்க அதிபர் பைடனும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும், அணு ஆயுதத்தைப் பயன்படுத்தும் முடிவு மனிதர் கையிலேயே இருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். அதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அந்த மனிதரின் மேசைக்கு வரும் செய்தியை வடிகட்டித் தருவது எந்த நிரல் என்பதை அந்த ஒப்புதல் தொடவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டமோ ராணுவத்தையும் தேசியப் பாதுகாப்பையும் தன் எல்லைக்கு வெளியே வைத்துவிட்டது. வேலைக்கு ஆளெடுக்கும் மென்பொருளுக்கு இருக்கும் கட்டுப்பாடு, குறி வைக்கும் மென்பொருளுக்கு அந்தச் சட்டத்தில் இல்லை. மனிதர் தலையிடாமல் தாமே இலக்கைத் தேர்ந்து தாக்கும் தன்னாட்சி ஆயுதங்களைப் பற்றி 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் நிறைவேறிய தீர்மானத்தை 152 நாடுகள் ஆதரித்தன, ரஷ்யாவும் இந்தியாவும் உட்பட 4 நாடுகள் எதிர்த்தன.

மேம்பட்ட கணினிச் சில்லுகள் சீனாவுக்குப் போகாமல் அமெரிக்கா விதித்த ஏற்றுமதித் தடையைப் பற்றி நீங்கள் விரிவாக எழுதியிருந்தீர்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய அந்தத் தடை யார் முந்துவது என்பதைப் பற்றியது. முந்துகிறவரின் அவசரத்தை அது குறைக்காது. எதிரியின் இயந்திரம் நொடியில் முடிவெடுக்கும் என்று நம்பும் நாடு, தன் அதிகாரிக்கு நிமிடங்களைக் கொடுக்கத் தயங்கும்.

வேகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. போர்க்கப்பலை நோக்கிப் பாய்ந்து வரும் ஏவுகணையைத் தானாகவே சுட்டு வீழ்த்தும் ஃபேலன்க்ஸ் போன்ற கருவிகள் 1980களிலிருந்தே பயன்பாட்டில் உள்ளன. அங்கே மனிதருக்காகக் காத்திருந்தால் கப்பலே மிஞ்சாது. ஆனால் பதிலடியும், ஆளைக் குறிவைப்பதும் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றுக்குக் குறைந்தபட்ச அவகாசம் எவ்வளவு, தனித்து இயங்கும் இரண்டாவது சான்று எது என்பதை ஆணையிலேயே எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த வாரம் அதே பயிற்சியை, உறுதி விழுக்காட்டை மறைத்து, அவகாசத்தை ஒரு நிமிடமாக்கி மீண்டும் நடத்தப் போகிறேன். அதற்குள் நீங்கள் ஒன்று எழுதுங்கள்: நீங்கள் பணியில் இருந்த காலத்தில், எச்சரிக்கை வந்ததற்கும் உங்கள் கையெழுத்துக்கும் இடையே உண்மையில் எவ்வளவு நேரம் இருந்தது?

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்