அமிர்தி ஓடையில் பறந்தது ஈசல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் அமிர்திக் காட்டு ஓடையைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஜவ்வாது மலையடிவாரத்தைப் பற்றி ஒருவர் இத்தனை ஆசையோடு எழுதியதில் மகிழ்ச்சி. ஆனால், ‘ஓடைக்கு மேலே ஈசல் கூட்டம், ஈசல் இருந்தால் தண்ணீர் சுத்தம்’ என்ற வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவள் நான். பத்திரிகையில் வந்ததைப் பிள்ளைகள் அப்படியே நம்புவார்கள்.

ஈசல் புற்றிலிருந்து வருவது. இறக்கை முளைத்த கறையான். மழை பெய்து ஓய்ந்ததும் மண்ணைத் துளைத்துக்கொண்டு கிளம்பும். எங்கள் வட ஆற்காட்டுக் கிராமங்களில் விளக்கு வைத்துப் பிடித்து, வறுத்து, பொரியில் கலந்து தின்றிருக்கிறோம். கட்டுரையாளர் பார்த்ததோ தண்ணீரில் வளர்ந்து வெளியே வந்த பூச்சி. ஆங்கிலப் பெயரை ஒட்டி ‘மே ஈ’ என்கிறோம். உட்காரும்போது இறக்கைகளை முதுகுக்கு மேல் நேராக நிறுத்தி வைத்திருக்கும். பின்னால் நூல் போன்ற வால்கள் இருக்கும். இறக்கை வந்த பிறகும் ஒரு முறை தோலுரிக்கும் பூச்சி உலகத்தில் இது ஒன்றுதான். விடியற்காலையில் ஓடைக்கரைப் புல்லில் தேடினால், அது உரித்துப்போட்ட வெறும் சட்டை ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

இதைவிடப் பெரிய தவறு, எல்லா மே ஈயையும் ஒன்றாக எண்ணியது. உலகில் 3,500-க்கும் மேற்பட்ட மே ஈ இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவற்றில் 1,000-க்கும் மேற்பட்டவை ‘பேட்டிடே’ என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அண்டார்க்டிகா, நியூசிலாந்து, நடுக்கடல் தீவுகள் சில நீங்கலாக அநேகமாக எல்லா நாட்டிலும் இந்தக் குடும்பம் உண்டு. பாய்ந்தோடும் ஓடையில் வாழ்பவையும் உண்டு, நம் ஏரி குட்டைகளைப் போன்ற தேங்கிய நீரில் வாழும் ‘குளோயான்’ போன்றவையும் உண்டு. மே ஈ ஒருநாள்தான் உயிரோடு இருக்கும் என்ற பேச்சும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. 1761-ல் லின்னேயஸ் பெயரிட்ட ஒரு குளோயானின் பெண் பூச்சி, முட்டைகளை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு இரண்டு வாரம் வரை உயிரோடு இருக்கும். தண்ணீரில் இட்ட உடனே குஞ்சு பொரிந்துவிடும்.

மாணவிகளை அமிர்திக்கு அழைத்துப்போனபோது, ஓட்டத்தில் கிடந்த ஒரு கல்லை எடுத்து வெள்ளைப் பீங்கான் தட்டில் கழுவச் சொன்னேன். அரிசியை விடச் சிறிய ஒன்று, மீன்குஞ்சு போல விருட்டென்று நீந்திப் போய் நின்றது. அதன் வயிற்றின் இரு பக்கமும் குட்டி இலைகள் போல வரிசையாகச் செவுள்கள். அது பேட்டிடே. அதே கல்லில், அமுக்கி வைத்தது போலத் தட்டையாக இன்னொன்று. நீந்தவில்லை, கல்லோடு ஒட்டியபடி நண்டு போலப் பக்கவாட்டில் நகர்ந்தது. அது ஹெப்டஜெனிடே குடும்பம். இரண்டும் மே ஈதான். ஆனால், நீரின் தரத்தை உயிரினங்களை வைத்து மதிப்பிட பிரிட்டனில் உருவாக்கிய முறையில், தட்டைப் பூச்சியின் குடும்பத்துக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண். பேட்டிடேக்கு வெறும் நான்கு. ஏனென்றால் ஓரளவு கெட்ட நீரையும் தாங்கிக்கொள்ளும் இனங்கள் பேட்டிடேயில் இருக்கின்றன. இந்தக் குடும்பம் பறக்கிறது என்பதை மட்டும் வைத்து ஓடைக்கு நற்சான்று எழுதக் கூடாது.

பாலாற்றுக் கரையில் இருப்பவர்களுக்கு இது ஏட்டுச் சமாச்சாரம் அல்ல. வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை தோல் தொழிற்சாலைக் கழிவு என்ன செய்தது என்பது கிணற்று நீரைக் குடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்ன விஷயம். அப்படிப்பட்ட ஆற்றில் நாளை யாராவது நாலு பூச்சியைக் காட்டி, ‘மே ஈ வந்துவிட்டது, ஆறு சுத்தமாகிவிட்டது’ என்றால் நாம் நம்பிவிடக் கூடாது. எந்த மே ஈ என்று கேட்க வேண்டும். பேட்டிடேயில் இனம் பிரிப்பது சுலபமும் அல்ல. இளம்பூச்சியின் வாயுறுப்புகளை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் ஒரே இனம் என்று நெடுங்காலம் நினைத்திருந்த ‘பேட்டிஸ் ரோடானி’, மரபணுவைச் சோதித்தபோது பல இனங்களாகப் பிரிந்தது. நம் கல்லூரிகளின் விலங்கியல் மாணவர்கள் அமிர்தி, மோர்தானா, பாலாறு என்று இடம் வாரியாக இந்த வேலையில் இறங்கினால், அந்தப் பட்டியலை உங்கள் இணைப்பில் பக்கம் ஒதுக்கி வெளியிடுங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. கட்டுரையோடு வந்த படம் மிக அருமை. அதில் இருப்பது பேட்டிடே குடும்பத்து ஆண் பூச்சி: இரண்டே வால், ஒவ்வொரு கண்ணின் மேலும் முண்டாசு கட்டியது போல இன்னொரு கண். தலைக்கு மேலே பறந்துபோகும் பெண் பூச்சியைக் கண்டுபிடிக்கத்தான் அந்த மேல்கண். தபால்தலை அளவில் அச்சிட்டதால் அது யார் கண்ணிலும் பட்டிருக்காது. வரும் ஞாயிறு திருத்தம் வெளியிடும்போது, அந்தப் படத்தைக் கால் பக்க அளவிலாவது மறுபடியும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
காட்பாடி, வேலூர்.