நொதியப் போத்தலும் அன்னாசித் துண்டும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் திருகோணமலை உப்புவெளியில இருந்து எழுதுறன். ஏ.எல்.ல பயோ செஞ்சன், கெம்பஸ் கிடைக்கேல்ல, இப்ப ஒரு ஐஸ் பக்டரியில கணக்கெழுதுறன், அதால என்னைப் பெரிய விஞ்ஞானி எண்டு நினைச்சுப்போடாதீங்க. ஆனா இந்த நொதிய (என்சைம்) பானம் விஷயத்தில வாய மூடிக்கொண்டு இருக்க ஏலாம போச்சு.

ரெண்டு மாசத்துக்கு முதல் எங்கட அம்மாவ பக்கத்து வீட்டு அக்கா ஒரு கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவ. டீயும் ரோல்ஸும் குடுத்து, டை கட்டின தம்பி ஒருத்தர் எழும்பி, வயசு போகப்போக உடம்பில நொதியம் குறையுது, சீனி வருத்தம் பிறஷர் மூட்டுவலி எல்லாம் அதாலதான் வருது, இந்தப் போத்தலக் குடிச்சா சரியாப் போயிரும் எண்டு கதைச்சிருக்கார். ஒரு போத்தல் 8,500 ரூபா, அம்மா ரெண்டு வாங்கிட்டா. காசு போனாப் போகட்டும், கிளினிக்ல குடுத்த குளிசைய நிப்பாட்டிப்போட்டா! 18 நாள். எங்களுக்குத் தெரியவே தெரியாது, தலை சுத்துது எண்டு படுத்தாப் பிறகு பார்த்தா சீனி 312.

இதில எனக்கு ஆத்திரம் என்னெண்டா நொதியம் எண்டுறது பொய்ச் சாமானில்ல. சோத்த ஒரு வாய் போட்டு விழுங்காம நல்லா மெண்டுகொண்டே இருங்க, கொஞ்சத்தில இனிப்புத் தட்டும், எச்சில்ல இருக்கிற அமிலேஸ் எண்ட நொதியம் மாப்பொருள வெட்டிச் சீனியாக்குற வேலைதான் அது. நொதியம் அநேகமா எல்லாமே புரதம், நீட்டு நூல் மாதிரி இருக்கிறது மடிஞ்சு சுருண்டு ஒரு குழியோட நிக்கும், அந்தக் குழிக்குள்ள பொருந்துற பொருள் மட்டும் வந்து இருந்து வெட்டுப்பட்டோ ஒட்டுப்பட்டோ வெளிய போகும், நொதியம் அப்பிடியே இருந்து அடுத்தத எடுக்கும். பூட்டும் சாவியும் மாதிரி எண்டு ஜேர்மன் விஞ்ஞானி எமில் பிஷர் 1894லயே சொல்லிட்டார். காயத்துக்கு ஹைட்ரஜன் பெரொக்சைட் விட்டா புசுபுசுவெண்டு நுரைக்குதே, அது எங்கட ரத்தத்தில இருக்கிற கற்றலேஸ் எண்ட நொதியம், ஒரே ஒரு மூலக்கூறு ஒரு செக்கனுக்குள்ள லட்சக்கணக்கில வேலைய முடிச்சுப்போடும்.

ஆனா எல்லாம் அந்த மடிப்பிலதான் இருக்கு. மடிப்புக் குலைஞ்சா சரி, முட்ட வெள்ளைக்கரு அவிஞ்ச மாதிரித்தான், அநேகமாத் திரும்ப வராது. நொதியம் போட்ட சோப்புப் பவுடர கொதிதண்ணியில கரைச்சு ஊறவைக்கிற ஆக்கள் காசையும் சேர்த்துத்தான் ஊத்துறாங்க, இளஞ்சூடு போதும். குளிர் வேற கதை, குளிரில சாகாது, தூங்கும். எங்கட பக்டரிக்கு வாற மீன்காரரக் கேளுங்க, சூடை மீன ஐஸ் போடாம விட்டா வயிறு வெடிக்கும், அதின்ர குடலுக்குள்ள இருக்கிற நொதியமே அதின்ர வயித்தத் திண்டுபோடும், ஐஸ் போட்டா அந்த வேலை மெதுவாகும், அவ்வளவுதான்.

எல்லா நொதியமும் சூட்டுக்குச் சாகும் எண்டும் இல்ல. எங்கட கன்னியா வெந்நீர் ஊத்த விட இன்னும் கூடக் கொதிக்கிற அமெரிக்கா யெலோஸ்டோன் ஊத்துகளில இருந்து தோமஸ் ப்ரொக் எடுத்து 1969ல பேர் வச்ச பக்டீரியாவின்ர நொதியம் 95 பாகை காட்டினாலும் அசையாது, கொரோனா நேரம் எல்லாரும் மூக்கக் காட்டின, திரும்பத் திரும்பச் சூடாக்கிச் செய்யிற பி.சி.ஆர். டெஸ்ட் லேசா நடைமுறைக்கு வந்ததே அதாலதான்.

சரி, போத்தலுக்கு வருவம். சீனி வருத்தம் இன்சுலினோட சம்பந்தப்பட்டது, இன்சுலின் ஹோர்மோன், நொதியம் இல்ல. அந்த இன்சுலின ஏன் ஊசியில போடுறாங்க எண்டு கிளினிக் வரிசையில நிக்கிற எவரும் யோசிக்கலாம், அதுவும் புரதம், குடிச்சா வயித்துக்குள்ள இறைச்சி மாதிரிச் சமிச்சுப்போகும். அம்மா குடிச்ச நொதியத்துக்கும் அநேகமா அதே கெதிதான். சதையி (கணையம்) பழுதான ஆக்களுக்கு டொக்டர்மார் நொதியக் குளிசை குடுக்கிறதுதான், அது இரைப்பையத் தாண்டிப் போய்க் கரையிற மாதிரிச் செஞ்சது, குடலுக்குள்ளயே சாப்பாட்டச் சமிக்கச் செய்யிறதுக்கு மட்டும்தான். மூட்டுவலிக்கில்ல.

அம்மா நம்பேல்ல, டை கட்டினவர் பொய் சொல்லுவாரோ எண்டுறா. போத்தல்ல பப்பாசி, அன்னாசி நொதியம் எண்டு போட்டிருந்திச்சு, அது ரெண்டும் புரதத்த வெட்டுற சாமான், அப்ப சோதிச்சுப் பார்ப்பமே எண்டு நினைச்சன். முதல்ல பக்கத்து வீட்டு ராத்தா தந்த கடல்பாசி ஜெலியில போட்டுப் பார்த்து மொக்குப் பட்டன், எல்லாம் கட்டியாகிட்டு, கடல்பாசியில புரதமே இல்லையே! பிறகு புரதத்தால ஆன ஜெலட்டின் ஜெலி பக்கெட் வாங்கி மூண்டு கோப்பையில ஊத்தினன். ஒண்டில பச்சை அன்னாசித் துண்டு, ஒண்டில அவிச்ச அன்னாசி, மூண்டாவதில போத்தல் தண்ணி ரெண்டு கரண்டி. விடிய பிரிட்ஜத் திறந்தா பச்சை அன்னாசி போட்டது தண்ணியாவே கிடக்கு, அவிச்சதும் போத்தலும் அப்பிடியே இறுகி நிக்குது. போத்தலுக்குள்ள வேற நொதியம் இருக்கோ தெரியாது, லேபல்ல போட்டது உயிரோட இல்ல.

ஐயா, உங்கட பேப்பர்லயும் இப்பிடிச் சாமானுக்குக் கால் பக்கம் விளம்பரம் வருது. போடுறதுக்கு முதல் ஒரு டொக்டரிட்ட காட்டிக் கேட்டுப் போடுங்க, ஏலாட்டி "குளிசைய நிப்பாட்டாதீங்க" எண்டாவது கீழ பெரிசாப் போடுங்க.

அம்மா திரும்பக் குளிசை தொடங்கிட்டா. ரெண்டாவது போத்தல் உடைக்காம அலுமாரியில இருக்கு, காசத் திருப்பித் தாங்க எண்டு கேக்க அந்தத் தம்பிக்கு எடுத்தா போன் ஓஃப். மூண்டாவது கோப்பை ஜெலிய அம்மாதான் சாப்பிட்டு முடிச்சவ, சீனி போட்டது எண்டு நான் சொல்லச் சொல்ல.

இப்படிக்கு,
ஐஸ் பக்டரிக் கணக்கப்பிள்ளை,
உப்புவெளி, திருகோணமலை.