மாலை நேரத்து அழுகை

அன்பு மகளுக்கு,

நேற்று நீ தொலைபேசியில் பேசியபோது கேட்ட குழந்தையின் அழுகுரல் இன்னும் என் காதைவிட்டு அகலவில்லை. முகம் சிவந்து, விரல்களை இறுக மூடி, முழங்கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு அழுகிறான் என்று நீ சொன்னபோது, ஆறு வாரக் குழந்தையாக இருந்த உன்னையே மறுபடி தோளில் சுமப்பதுபோல் இருந்தது. கழுத்தையும் முதுகெலும்பையும் அழுத்திச் சரிசெய்தால் இந்த அழுகை நின்றுவிடும் என்கிறார்களே, கொண்டுபோய்க் காட்டலாமா என்று கேட்டாய். அவசரத்தில் பதில் சொல்ல மனம் வராததால் எழுதுகிறேன்.

வேண்டாம், அம்மா. உன்னையும் நான் அப்படி ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கட்டைவிரல்களால் உன் பிடரியின் இருபுறமும் அழுத்தினார்; நீ வீறிட்டாய்; பிறகு களைத்துப்போய்த் தூங்கினாய். அந்தத் தூக்கத்தை நான் குணம் என்று நம்பி, மேலும் இரண்டு முறை போனேன். நான்காவது மாதத்தில் அழுகை நின்றபோது அவருக்குக் கைகூப்பி நன்றி சொன்னேன். யாரிடமும் கொண்டுபோகாத குழந்தைகளுக்கும் அது ஏறத்தாழ அதே வயதில் நின்றுவிடும் என்பதைப் பின்னால்தான் அறிந்தேன்.

நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாட்களுக்கு மேல், 3 வாரங்களுக்கு மேல் நீடிக்கும் அழுகை என்று கோலிக்குக்கு, அதாவது நலமாக இருக்கும் கைக்குழந்தை காரணம் தெரியாமல் ஓயாது அழுவதற்கு, 1954இல் வெஸ்ஸல் என்ற மருத்துவர் இலக்கணம் வகுத்தார். பெரும்பாலும் ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதங்களுக்குள் அது தானாகவே தணிகிறது. அழுகை தாங்க முடியாத அளவுக்கு முற்றும்போதுதான் நாம் வைத்தியரைத் தேடி ஓடுகிறோம்; அதற்குப் பிறகு எது செய்தாலும் குறையத்தான் செய்யும்.

முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்திச் சரிசெய்யும் கைரோபிராக்டிக், ஆஸ்டியோபதி முதலிய கைச் சிகிச்சைகளைப் பற்றி வந்த 6 ஆய்வுகளை, 325 குழந்தைகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2012இல் சேர்த்துப் பார்த்தது. அழுகை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்ததாக முதலில் தெரிந்தாலும், எந்தக் குழந்தைக்குச் சிகிச்சை நடந்தது என்று பெற்றோருக்கே தெரியாமல் நடத்திய ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டபோது, அந்த வேறுபாடு உறுதியாக நிற்கவில்லை. அழுத நேரத்தைக் குறித்துவைப்பவர் தாயோ தந்தையோதான் அல்லவா? பலன் கிடைக்க வேண்டுமென்று ஏங்கும் மனம், அரைமணி அழுகையைக் கால்மணியாக உணர்ந்துவிடும். நார்வேயில் 2001இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு பாதிக் குழந்தைகளுக்கு முதுகெலும்புச் சிகிச்சை நடந்தது. மறுபாதிக் குழந்தைகளை ஒரு செவிலியர் 10 நிமிடம் கையில் வைத்திருந்தார், அவ்வளவுதான். பெற்றோர் வெளியே இருந்தார்கள். இரு தரப்பிலும் அழுகை ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தது.

அந்தச் செவிலியர் செய்ததை நீயே செய்யலாம். முன்கையில் அவனைக் குப்புறச் சாய்த்து, தலையைத் தாங்கியபடி மெல்ல நடந்து பார். உள்ளங்கையைச் சூடுபறக்கத் தேய்த்து, கடிகார முள் சுற்றும் திசையில் வயிற்றை இலேசாக நீவிவிடு. அழுகை உச்சத்தில் இருக்கும்போது வேண்டாம், அவன் அமைதியாக இருக்கும்போது செய். இது நோயைத் தீர்க்கும் என்று சொல்ல மாட்டேன்; தொடுதலில் ஓர் இதம் உண்டு, அதுவே போதும். கழுத்தைத் திருகுவதும் முதுகைச் சொடுக்குவதும் அந்தப் பிஞ்சு உடம்புக்கு ஒருபோதும் கூடாது.

இது கோலிக்தானா என்பதைக் குழந்தை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, அடிவயிற்றின் ஓரம் வீங்கியிருந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போ. உடைகளைக் கழற்றிக் கால்விரல்களையும் பார்த்துவிடு. உதிர்ந்த தலைமுடி ஒன்று சுற்றி இறுக்கியிருந்தாலும் குழந்தை இப்படித்தான் கதறும்.

உன்னைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. இனி ஒரு நிமிடம்கூடத் தாங்காது என்று தோன்றும் நேரத்தில், அவனைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, பக்கத்து அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்திரு. அதனால் அவனுக்கு ஒரு குறையும் வராது. ஆத்திரத்தில் ஒரே ஒரு முறை பிடித்து உலுக்கினாலும் மூளையில் இரத்தம் கசியக்கூடும். மாப்பிள்ளையிடமும் இதைத் தெளிவாகச் சொல்லிவிடு.

சனிக்கிழமை நான் வருகிறேன். மாலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை அவன் என் தோளில் கிடக்கட்டும். நீ கதவைச் சாத்திக்கொண்டு தூங்கு.

அன்புடன்,
அம்மா